இடது தடம் யாருக்கு?

சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் நான்கு வழிச்சாலையில், பாடாலூரைத் தாண்டிச் சமயபுரம் சுங்கச்சாவடியை நெருங்கும் வரை, அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய லாரி நடுத்தடுப்பை ஒட்டி வலது தடத்தில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் இடது தடம் காலியாகக் கிடக்கும். பின்னால் வரும் கார் ஒருமுறை விளக்கடிக்கும், இரண்டு முறை ஹாரன் அடிக்கும், பிறகு பொறுமை இழந்து இடப்பக்கமாகவே முந்திப் போய்விடும். லாரி ஓட்டுநருக்கு அதில் வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை. மெதுவாகப் போகிறவர் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும், முந்துகிறவர் வலதுபக்கமாக முந்த வேண்டும் என்பது உரிமம் வாங்கப் போகிற எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் பாடம். 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் அதைச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. மீறினால் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. அந்த விதி ஏன் சாலையில் இறங்க மறுக்கிறது என்பதுதான் கேள்வி. ஓட்டுநர்களின் ஒழுக்கக்கேடு என்று ஒரு வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிடுவது வழக்கம். பாதிப் பதில்தான் அது. இடது தடத்தில் போ என்று கட்டளையிடும் அரசு, அந்த இடது தடத்தை ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருக்கிறதா என்பது மீதிப் பாதி. திருச்சியைச் சுற்றியுள்ள சாலைகளைப் பார்த்தால் அந்த மீதிப் பாதிக்குத்தான் எடை அதிகம்.

முதலில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அதே திசையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டர் 7 மீட்டர் கடக்கிறது. அதாவது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி விநாடிக்கு 21 மீட்டர் சுருங்குகிறது. இரவில் பின்விளக்கில்லாத டிரெய்லர் ஒன்று, தாழ்த்திய முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் 50 மீட்டர் தொலைவில்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் அதன்மீது மோத இரண்டரை விநாடிகூட ஆகாது. நம் நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் சாலையை வடிவமைக்கும்போது, ஓட்டுநர் ஒரு தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு என்று ஒதுக்கும் நேரமே இரண்டரை விநாடி. அப்படியானால் அந்த 50 மீட்டரில் பிரேக் பிடிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். மாட்டு வண்டி என்றால் இரண்டு விநாடிதான். 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. மொத்தச் சாலை நீளத்தில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும் தேசிய நெடுஞ்சாலைகளில்தான் அந்த மரணங்களில் 36 சதவீதம். விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நல்ல சாலைகள் நிறைந்த மாநிலம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதன் மறுபக்கம் இது.

வேக வித்தியாசம்தான் ஆபத்து, வேகம் அல்ல என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மெதுவாகப் போகிறவனே குற்றவாளி என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு ஆதாரமாக 1964இல் அமெரிக்காவில் டேவிட் சாலமன் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில், சராசரி வேகத்தைவிட மிக அதிகமாகப் போனவர்களைப் போலவே மிகக் குறைவாகப் போனவர்களும் அதிக விபத்துகளில் சிக்கினார்கள் என்று அவர் கண்டார். அவர் வரைந்த வளைகோடு போக்குவரத்துப் பொறியியலில் மிகவும் பெயர்பெற்றது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த வளைகோட்டின் இடது கையை, அதாவது மெதுவாகப் போனவர்களைக் காட்டும் பகுதியை, உற்றுப் பார்த்தார்கள். மெதுவாகப் போய் விபத்தில் சிக்கியவர்களில் பலர் மெதுவாகப் பயணம் செய்துகொண்டிருந்தவர்களே அல்லர். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவர்கள், சாலையில் புதிதாக ஏறியவர்கள், குறுக்கே கடந்தவர்கள் அவர்கள். நேராகப் போகும் வண்டியின் மெதுவான ஓட்டத்தைவிட, திரும்பவும் ஏறவும் கடக்கவும் சரியான இடம் இல்லாததுதான் ஆளைக் கொல்கிறது. திருச்சி நிலவரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி கிடைக்காது.

பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரையிலான சுமார் 14 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். திருச்சி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையின் தொடக்கப் பகுதி இது. அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், கைலாசபுரம் என்று வீடும் கடையும் பள்ளியும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. பெல் தொழிற்சாலை, அதை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், படைக்கலத் தொழிற்சாலை, துவாக்குடி சிட்கோ, என்.ஐ.டி. எல்லாவற்றுக்கும் இதுவே வாசல். தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகும் வண்டிகளுக்கும் இதுவே வழி. இப்படி ஒரு சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள், ஆனால் பெரும்பகுதியில் சர்வீஸ் ரோடு போடவில்லை. நிலம் எடுக்க எதிர்ப்பு வந்தது. சர்வீஸ் ரோடு வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டமைப்பு அமைத்துப் போராடினார்கள், கடையை இழக்க மாட்டோம் என்று வணிகர்கள் போராடினார்கள், விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது, நடுவில் உயர்மட்டச் சாலை என்ற யோசனையும் வந்தது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சாலையில் இடது தடம் என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியின் டூவீலர் அதில்தான் போகிறது. டவுன் பஸ் அதிலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. ஷேர் ஆட்டோ பஸ்ஸுக்கு முன்னால் போய்க் குறுக்கே நிற்கிறது. இரும்புக் கம்பியும் தகடும் ஏற்றி வந்த லாரி பட்டறை வாசலில் இறக்குவதற்காகப் பாதி உடலைத் தடத்தில் விட்டு நிற்கிறது. பழக்கடைத் தள்ளுவண்டி வெள்ளைக் கோட்டின் மேலேயே நிற்கிறது, ஏனென்றால் கோட்டுக்கு அந்தப்பக்கம் மண் சரிந்து பள்ளமாகக் கிடக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் நடுவே எதிர்த்திசையில் ஒரு டூவீலர் வருகிறது. அவரை ராங் சைடு வருகிறவர் என்று திட்டுவது எளிது. பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய அவர், நடுத்தடுப்பில் திறப்பு இருக்கும் இடம் வரை போய் வளைந்து திரும்பி வர வேண்டுமென்றால் இரண்டு முறை வேக ஓட்டத்தைக் கடந்தாக வேண்டும். இருநூறு மீட்டர் எதிரே ஓட்டிப் போவதே பத்திரம் என்று அவர் கணக்குப் போடுகிறார். கணக்கு தப்பு, ஆனால் அதைப் போட வைத்தது சாலை. இப்படி ஏழெட்டு வேலைகளைச் சுமக்கும் ஒரு தடத்தில், பாரம் ஏற்றிய லாரியை 'நீ இடதுபக்கம் போ' என்றால் அந்த ஓட்டுநர் என்ன செய்வார்? பாரத்தோடு ஓடும் லாரியைச் சட்டென்று நிறுத்த முடியாது. இடது தடத்தில் எந்த நொடியில் எது முன்னால் வரும் என்று தெரியாது. வலது தடத்தில் நடுத்தடுப்பு ஒன்றுதான், அது நகராது. அவர் வலதைத் தேர்ந்தெடுக்கிறார். பட்டறை முன்னால் பழகிய அந்தப் பழக்கம், பாடாலூரில் இடது தடம் காலியாக இருக்கும்போதும் கையை விட்டுப் போவதில்லை. லாரி வலதுபக்கம் நிலைத்துவிட்டதால் கார் இடதுபக்கம் முந்துகிறது. கார் இடதுபக்கம் சீறிப் பாய்வதால் டூவீலர்காரர் ஓரத்துக்கும் ஓரமாகப் போகிறார். அந்த ஓரத்தில் அவருக்காகக் காத்திருப்பது மணலும் நிறுத்தி வைத்த லாரியும்.

நடுத்தடுப்பின் திறப்புகள் இன்னொரு கதை. லால்குடிப் பக்கத்துக் கரும்பு, மண்ணச்சநல்லூர் ஆலைகளுக்குப் போகும் நெல், காவிரிக் கரை வாழைத்தார், கொள்ளிடத்து மணல் ஏற்றிய மாட்டு வண்டி என்று மெதுவண்டிகள் குறைவில்லாத வட்டாரம் இது. டிராக்டர் ஒன்று சாலையின் இடப்பக்கமிருந்து ஏறி, எதிர்ப்பக்கத்துக் கிராமப் பாதையில் இறங்க வேண்டும். முதலில் இடது தடத்தில் கொஞ்ச தூரம். பிறகு வலது தடத்துக்கு மாற வேண்டும், 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் 100இல் வருகிற கார்களுக்கு நடுவே. பிறகு திறப்பில் நுழைந்து எதிர்த் திசை ஓட்டம் ஓயும் வரை நிற்க வேண்டும். நடுத்தடுப்பின் அகலம் நல்ல இடங்களிலேயே 4.5 மீட்டர்தான், ஊருக்குள் அதிலும் பாதிக்குக் குறைவு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் எட்டு மீட்டருக்குக் குறையாது. ஆகவே இஞ்சின் திறப்பில் நிற்கும், டிரெய்லரின் வால் வேகத் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் எந்த விதியையும் மீறவில்லை. சாலை அவருக்குக் கொடுத்த ஒரே வழியில் அவர் திரும்புகிறார். மெதுவண்டி இடது தடத்தில் மட்டும் போக வேண்டும் என்ற விதியை அவர் முழுமையாகக் கடைப்பிடிக்க நினைத்தால் அன்று வீட்டுக்கே போக முடியாது. திறப்பு இருக்கும் இடத்தில் வலதுபுறம் திரும்புகிறவர் ஒதுங்கி நிற்கத் தனித் தடம் வேண்டும். அதற்கு அகலமில்லை என்றால் திறப்பை மூடிவிட்டுச் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டும். இரண்டும் இல்லாமல் நட்டுவைக்கும் 'இடதுபுறம் செல்க' பலகை வெறும் தகரம்.

அப்படியானால் மெதுவண்டிகளை நெடுஞ்சாலையிலிருந்தே விலக்கிவிடலாமே என்பது நியாயமாக எழும் எதிர்க்கேள்வி. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் டூவீலர், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி எதற்கும் அனுமதி இல்லை. பிரிட்டனின் மோட்டார்வேயில் பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் விவசாய வண்டிக்கும் இடமில்லை. ஜெர்மனியின் ஆட்டோபானில் ஏற, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும். இந்த உதாரணங்கள் உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் தடைக்கு முன்பே மாற்றுப் பாதை இருந்தது. மைசூரு சாலையில் நடுவே ஆறு தடங்கள், இரு பக்கமும் சர்வீஸ் ரோடு. விலக்கப்பட்ட ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே ஒரு சாலை கிடைத்தது. ஜெர்மானிய உழவருக்கும் ஆட்டோபானுக்கு அப்பால் ஊரை இணைக்கும் பழைய சாலை அப்படியே இருக்கிறது. நம்முடைய நான்கு வழிச்சாலைகளில் பல, ஊருக்கு இருந்த பழைய சாலையையே விழுங்கி அகலமானவை. திருவெறும்பூர்க்காரருக்கு அது புதிதாக வந்த நெடுஞ்சாலை அல்ல. அவருடைய தாத்தா காலத்திலிருந்து சந்தைக்குப் போன சாலை. அதில் ஏறாதே என்றால் எதில் போவது என்று சொல்ல வேண்டிய கடமை, தடை போடுகிறவருக்கு உண்டு.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில். சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையே 1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம்தான் தீவையும் நகரத்தையும் சேர்க்கும் நரம்பு. பழுதுபார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் அதில் கார்களையும் பேருந்துகளையும் நிறுத்தினார்கள். நவம்பரில் டூவீலர்களுக்கும் வழி அடைத்தார்கள். 2023 மார்ச்சில்தான் பாலம் மறுபடி திறந்தது. அந்த மாதங்களில் கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடுகிறவரும் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவரும் ஓயாமரிப் பக்கமாகச் சுற்றி, சென்னை புறவழிச்சாலையின் பாலத்தில் ஏறினார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கிற பாலம் அது. சஞ்சீவி நகர் சந்திப்பு ஏற்கெனவே விபத்துக்குப் பேர்போன இடம். உள்ளூர் ஓட்டமும் தொலைதூர ஓட்டமும் அங்கே ஒன்றாகக் கலந்தன. 'தேசிய நெடுஞ்சாலையில் மெதுவண்டிக்கு இடமில்லை' என்ற ஒரு வரி உத்தரவு அன்று இருந்திருந்தால் ஒரு தீவே அடைபட்டிருக்கும். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் ஒன்றைக் கட்டும் பணி தொடங்கியபோது, நான்கு வண்டி அகலம், இத்தனை கோடிச் செலவு என்றெல்லாம் செய்திகள் வந்தன. சைக்கிளுக்கும் டூவீலருக்கும் தடுப்பு வைத்துப் பிரித்த தடம் உண்டா என்று கேட்ட குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை. பாலத்தில் பிற்பாடு அகலம் சேர்ப்பது ஆகாத காரியம். அந்தக் கேள்வி வரைபடத்தின் மேலேயே கேட்கப்பட வேண்டியது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வருகிறவர்கள் ஏராளம். அங்கே கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தடுப்பு வைத்துப் பிரித்த தனித்தடம் ஓடுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். 1970களிலேயே போடத் தொடங்கியது அது. மலேசியா டூவீலரைத் தடை செய்யவில்லை, லாரியோடு மோதவும் விடவில்லை, தனியாக ஒரு பாதை கொடுத்தது. அந்தத் தடங்களால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் கணிசமாகக் குறைந்தன என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அவர்களைக் காரும் லாரியும் ஓடும் அதே தாரில் விட்டுவிட்டு ஹெல்மெட் அபராதத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஹெல்மெட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

சாலையில் எல்லோரையும்விட மெதுவாகப் போகிறவர் நடந்து போகிறவர். மாசியிலும் பங்குனியிலும் பூச்சொரிதல், சித்திரையில் தேர், ஆடியில் வெள்ளிக்கிழமைகள் என்று சமயபுரம் கோயிலுக்கு நடந்துவரும் கூட்டம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்து இரவெல்லாம் இந்த நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வந்துகொண்டிருக்கும். 2024 ஜூலையில் தஞ்சாவூர் மாவட்டம் வளம்பக்குடி அருகே, அப்படிச் சமயபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் மீது சரக்கு வாகனம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். 'இடதுபுறமாகச் செல்க' என்ற அறிவுரை இவர்களுக்கு உதவாது, கெடுதலே செய்யும். நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர், வரும் வண்டியைக் கண்ணால் பார்க்கும்படி ஓட்டத்துக்கு எதிர்முகமாக, நம் நாட்டில் என்றால் வலது ஓரத்தில், நடக்க வேண்டும் என்பதே உலகம் முழுவதும் சொல்லப்படும் முறை. இடது ஓரத்தில் நடப்பவரின் முதுகுப்பக்கம்தான் ஆபத்து வருகிறது. நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்பைத் தாண்டி அந்தப்பக்கம் போனால்தான் எதிர்முகமாக நடக்க முடியும். அந்த நாட்களில் ஒரு பக்க ஓரத்தைக் கூம்பும் கயிறும் கட்டிப் பிரித்து, பாதயாத்திரைக்கு அந்தப் பக்கம் மட்டும் என்று அறிவித்தால் போதும். கூட்டம் வரும் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது.

இத்தனையும் சொன்னால் லாரிக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றலாம். அது நோக்கமல்ல. பாடாலூர் - சமயபுரம் போல ஊரும் கடையும் ஒட்டாத, இடது தடம் சுத்தமாக உள்ள நீளங்கள் திருச்சியின் நான்கு பக்கமும் உண்டு. மதுரைச் சாலையில் விராலிமலையை நோக்கிப் போகும் பகுதியும் அப்படித்தான். அங்கே வலது தடத்தில் நிலைகொள்ளும் லாரிக்கும் பேருந்துக்கும் சாக்குப் போக்கு இல்லை, அபராதம் போடத்தான் வேண்டும். குடிபோதைச் சோதனைக்கும் ஹெல்மெட்டுக்கும் நிற்கிற காவலர், தட மீறலுக்காக ஒருவரை நிறுத்தி எழுதுவது அபூர்வம். நகரும் குற்றத்தை நிற்கும் காவலர் பிடிக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் சுங்கச்சாவடிகளுக்கு இடையே ஓடும் ரோந்து வாகனமும் கேமராவும் அதைச் செய்யலாம். ஓட்டுநர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: பாரவண்டிகள் ஓடி ஓடி இடது தடத்தின் தார் குழிந்து அலையலையாகிவிட்டது, வலது தடம்தான் சமமாக இருக்கிறது என்று. சுங்கம் வசூலிக்கிற சாலையில் அது உண்மையாக இருந்தால், அந்தத் தாரைச் சரிசெய்யாதவரும் அபராதம் கட்ட வேண்டியவரே.

வேக வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு வழிச்சாலைகளில் காருக்கு 100, சரக்கு வண்டிக்கு 80 என்று மத்திய அரசு 2018 ஏப்ரலில் வரம்பை உயர்த்தியது. அந்த அறிவிப்பு செல்லாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிக வேகமே அதிக மரணத்துக்குக் காரணம் என்பது நீதிபதிகளின் கவலை. அமைச்சகத்தின் புள்ளிவிவரமும் 2022 மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதுகிறது. மெதுவண்டி ஓடும் சாலையில் மேல் வரம்பைக் குறைப்பதும் வேக வித்தியாசத்தைக் குறைக்கும் ஒரு வழிதான். காட்டூருக்குள் 100இல் போகும் உரிமை யாருக்கும் தேவையில்லை. வீடுகள் நெருங்கிய நீளங்களில் 50 என்று பலகை வைத்து, இரு முனையிலும் கேமரா வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், 14 கிலோமீட்டரில் தொலைதூரப் பயணிக்கு ஆகும் தாமதம் பத்து நிமிடத்துக்குள்தான்.

சர்வீஸ் ரோட்டுக்கு இடமும் பணமும் எங்கே என்பது கடைசியாக வரும் எதிர்வாதம். உண்மையான வாதமும் அதுதான். துவாக்குடிச் சாலையில் கடை வைத்திருப்பவர் இரண்டு தலைமுறையாக அங்கே பிழைக்கிறவர். முப்பது அடி எடுத்தால் அவருக்கு மிஞ்சுவது சுவர்தான். உயர்மட்டச் சாலை அவரைத் தப்பவைக்கும், தொலைதூர ஓட்டத்தை மேலே தூக்கிவிட்டுக் கீழே உள்ள முழுச் சாலையையும் உள்ளூர் மெதுவண்டிக்கே விட்டுக்கொடுக்கும். தட ஒழுங்கு என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் நிலம் எடுப்பதைவிட அதுவே மேல். ஆனால் கோடிக்கணக்கில் செலவு, வருடக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்தைத் தடத்திலிருந்து ஒதுக்கி வளைத்துக் கட்டலாம். சரக்கு இறக்கும் லாரிக்கு இரவு நேரம் ஒதுக்கலாம். சரிந்த மண் ஓரத்தை நிரப்பித் தாரோடு சமமாக்கினால் டூவீலருக்கு ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். டிரெய்லருக்கும் மாட்டு வண்டிக்கும் ஒளிப்பட்டை ஒட்டலாம். அமெரிக்காவில் 1960களில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முக்கோணச் சின்னம், நடுவில் ஆரஞ்சு, விளிம்பில் சிவப்பு, இன்று அங்கே மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாத மெதுவண்டிகளின் முதுகில் இருக்கிறது. பின்னால் வருகிறவருக்கு அது தொலைவிலேயே சொல்லிவிடுகிறது: முன்னால் போவது லாரி அல்ல, டிராக்டர் என்று. மாட்டு வண்டி மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதல்ல, அதனால் அதன்மீது அபராதம் எழுத முடியாது. ஒளிப்பட்டையை இலவசமாக ஒட்டிவிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கரும்பு அரவைக்குப் பதிவு செய்யும் இடத்திலும் மணலுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் இடத்திலும் ஒட்டினால் ஒரு பருவத்தில் வேலை முடிந்துவிடும்.

திருச்சிக்கு இப்போது ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மதுரை நெடுஞ்சாலையின் ஓரத்தில் புதிதாக ஒரு நகரமே முளைக்கும் என்பதற்கு அது அறிகுறி. துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூர் வழியாக வளைந்து வரும் அரைவட்டச் சுற்றுச்சாலையும் நீண்ட இழுபறிக்குப் பிறகு பகுதி பகுதியாக உருப்பெற்று வருகிறது. இந்த இரண்டின் ஓரத்திலும் இன்று வயலும் பொட்டலுமாகக் கிடப்பவை சில ஆண்டுகளில் டீக்கடையும் மனைப்பிரிவுமாக மாறிவிடும். மாறிய பிறகு சர்வீஸ் ரோட்டுக்கு நிலம் கேட்டால் காட்டூரில் நடந்ததே இங்கும் நடக்கும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அலுவலகம், நெடுஞ்சாலையில் நேராக வாசல் வைக்கக் கூடாது, சர்வீஸ் ரோட்டுக்கான பட்டையை விட்டுவிட்டே பிரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத வேண்டியது முதல் டீக்கடை முளைப்பதற்கு முன்பு.